என் வேலைக்கு ஐயா சொன்ன பதில்

"உங்கட வீட்டிலை சொல்லிவிடுறம்" என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்லுகிறவர் நல்லவராக இருக்கலாம். எனக்குச் சொல்லவேண்டியதை எனக்கே சொல்லுங்கள், எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். வயது போனால் இந்தக் கோபம் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு ஒன்று நடந்தது. ஒரே அறை, அதற்குள் சில இயந்திரங்கள், சன்னலில் குளிரூட்டி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தீவுப்பகுதியிலிருந்து போகிற எங்களை மட்டும் மாஸ்டர் காலையும் கழுவிவிட்டு வரச் சொல்லுவார். மணல் கொண்டுவருகிறோமாம். பட்டினத்துப் பிள்ளைகள் "தீவார் வந்திட்டினம்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பால்தான் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு கூட்டமானோம். இல்லாவிட்டால் நாரந்தனையில் இருந்த எனக்கும் நெடுந்தீவில் மாடும் வள்ளமுமாக வளர்ந்த ஒருவருக்கும் என்ன பழக்கம்?

அந்த நெடுந்தீவுக்காரர் அதிகம் பேசமாட்டார். வாரநாளில் பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சனிக்கிழமை புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து வள்ளம் ஏறி வீட்டுக்குப் போவார். எங்களில் மூத்தவர் புங்குடுதீவைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. புங்குடுதீவு ஆட்களில் பாதிப்பேருக்குக் கொழும்பில் கடை. அண்ணையின் மாமாவுக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். பெண்பிள்ளைகளில் நானும் அல்லைப்பிட்டிச் சிநேகிதி ஒருத்தியும். அவள் வாய்க்காரி. தகப்பன் இல்லை, தாய்தான் கருவாடு விற்று அவளைப் படிப்பித்தார்.

மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். புரோகிராமை முதலில் காகிதத்தில் எழுதிக் காட்டவேண்டும். அவர் அதை வரி வரியாக வாசித்து, பிழை இல்லை என்று தலையாட்டினால்தான் இயந்திரத்துக்கு முன்னால் கதிரையில் இருக்கலாம். ஆட்கள் அதிகம், இயந்திரம் குறைவு, மின்சாரமும் நினைத்த நேரத்தில் போய்விடும். அதனால் நாங்கள் பஸ்ஸிலேயே மடியில் வைத்து எழுதினோம். பண்ணைப் பாலத்தில் ஆமிக்காரர் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து இறக்கி ஏற்றுவார்கள். வரிசையில் நின்றபடி நான் அடுத்த வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டு நிற்பேன். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. சமையலில், தையலில், ஒன்றிலும் எனக்கு அப்படிக் கை ஓடியதில்லை. இதில் ஓடியது.

அண்ணையின் மாமா கடைக்கு ஒரு இயந்திரம் வாங்கியிருந்தார். கடையில் எந்தச் சாமான் எவ்வளவு கிடக்கிறது, எது முடியப்போகிறது என்று சொல்லுகிற ஒரு புரோகிராம் வேண்டுமாம். அண்ணை அதை வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் யோசித்துக்கொண்டு இருக்க, நான் எழுதினேன். அதில் நான் வைத்த ஒரு சின்ன வேலையைத்தான் பிறகு எல்லோரும் மெச்சினார்கள். கடையில் நிற்கிற பொடியள் அவசரத்தில் ஏதாவது ஒரு விசையை அமத்தி ஒரு சாமானின் கணக்கையே அழித்துவிடுவார்கள். என்னுடைய புரோகிராம் அப்படி அழிக்கவிடாது. "அழிக்கவா?" என்று கேட்கும். ஓம் என்றால், "நிச்சயமா?" என்று இன்னொருதரம் கேட்கும். அதற்குப் பிறகுதான் கைவைக்கும். அண்ணை அதை ஒரு பிளொப்பியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். மாமா சந்தோசப்பட்டாராம். எனக்கு ஒரு சீலை வந்தது. அந்தச் சீலையை அம்மா எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்தா, கல்யாணத்துக்கு என்று.

வகுப்பு முடிகிற நாளன்று நாங்கள் தீவார் எல்லோரும் ஒன்று பேசிக்கொண்டோம். கொழும்பு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வேலை விளம்பரங்கள் வரும். அது எங்கள் பக்கம் வந்து சேரும்போது பழையதாகிவிடும். அண்ணையின் மாமா கடையிலிருந்து லொறியில் சாமான் வரும்போது, விளம்பரப் பக்கத்தைக் கிழித்து அதோடு அனுப்புவார்கள். கடை கடையாக விசாரித்து, எந்தக் கொம்பனி இயந்திரம் வாங்கியிருக்கிறது, யாரைத் தேடுகிறது என்ற சேதியும் வரும். யாருக்கு எந்தச் சேதி கிடைத்தாலும் ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல்லவேண்டும். பட்டினத்துக்காரருக்குத் தெரிந்த மனிதர்கள் உண்டு. எங்களுக்கு எங்களைவிட்டால் ஆர் என்று அண்ணை சொன்னார். நாங்களும் ஓம் என்றோம்.

ஆண்கள் திங்கட்கிழமை பின்னேரம் வேலணை வங்களாவடிச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் கூடுவது என்று முடிவாயிற்று. குறிகட்டுவான் பஸ்ஸும் ஊர்காவற்றுறை பஸ்ஸும் சந்திக்கிற இடம் அது. பெண்பிள்ளைகள் தேத்தண்ணிக் கடைக்கு வருவது எப்படி? அண்ணை யோசிக்கவே இல்லை. "தங்கச்சிமாருக்கு நாங்கள் வீட்டை வந்து சொல்லுவம்" என்றார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நானும் நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் பட்டினத்துக்குப் போக எனக்குச் சாட்டு இல்லாமல் போயிற்று. வீட்டில் இருந்தேன். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் புரோகிராம் எழுதினேன். இயந்திரம் இல்லாமல் எழுதுவது, உலை இல்லாமல் அரிசி களைவது மாதிரித்தான். ஆனாலும் கை மறந்துவிடக்கூடாது என்று எழுதினேன். சேதி வரும், வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குத் தகுதியான வேலை ஒன்றும் விழவில்லை போலும், அல்லது என்னை மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் அழவும் செய்தேன். அந்த அழுகைக்காகவும் எனக்கு இன்றைக்குக் கோபம் வருகிறது. வீணாக அழுதேனே.

இடைக்கிடை வீட்டுக்கு யாராவது வருவார்கள். வேலிப் படலையில் சைக்கிள் மணி கேட்கும். ஐயா எழும்பிப் போவார்; என் தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது அந்நிய ஆம்பிளை வந்தால் அவள் வெளியே தலைகாட்டுவதில்லை. அதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடுவது போலத் தெரிந்த விஷயம். நான் குசினிக்குள் நிற்பேன். அம்மா வந்து, "ஒரு தேத்தண்ணி போடு" என்பா. நான் இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றிக் கொடுப்பேன். அம்மா கொண்டுபோவா. வந்தவர் போனபிறகு "ஆர் ஐயா?" என்று கேட்டால், "விதானையாரின்ரை ஆள், ஏதோ பதிவு விசயமாம்" என்பார். விதானையார் என்றால் ஊருக்கான அரசாங்க அலுவலர்; அந்தக் காலத்தில் பதிவுக்கு என்ன குறை? குடும்ப அட்டை, நிவாரணம், ஆள் எண்ணிக்கை என்று யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் நம்பினேன்.

அப்படி ஏறத்தாழ ஒரு வருடம் போயிற்று. ஒரு உறவுக் கல்யாணத்துக்குச் சட்டைத் துணி எடுக்க அம்மா என்னைப் பட்டினத்துக்கு அனுப்பினா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அல்லைப்பிட்டிச் சிநேகிதி ஏறினாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பட்டினத்தில் ஒரு அலுவலகத்தில் இயந்திரத்தில் பதிவு செய்கிற வேலையாம். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"எப்பிடிக் கிடைச்சது?" என்று கேட்டேன்.

"அண்ணைதான் வந்து சொன்னவர். முதல் உமக்குத்தான் சொன்னவை. நீர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டீர், பேந்துதான் எனக்கு வந்தது."

"நான் எப்ப வேண்டாமெண்டு சொன்னனான்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். "உது மட்டுமே? கொழும்பு வேலையையும் நீர் வேண்டாமெண்டதாத்தான் அண்ணை சொன்னவர். உம்மடை புரோகிராமைப் பார்த்திட்டு, எழுதின ஆளைத்தான் வேணுமெண்டு மாமான்ரை கடைக்குப் பக்கத்துக் கொம்பனிக்காரர் கேட்டவையாம். தங்க இடமும் தாறமெண்டவையாம். நீர் மாட்டனெண்டாப்போலை நெடுந்தீவுக்காரரை அனுப்பினவை. அவர் போய்ச் சேர்ந்தும் மூண்டு மாசமாகுது. அண்ணைக்குச் சரியான கவலை. 'அந்த வீட்டிலை நல்ல இஞ்சித் தேத்தண்ணி தருவினம், பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் இல்லையெண்டுதான் வருது' எண்டு சொன்னவர்."

இஞ்சித் தேத்தண்ணி. அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அது நான் போட்ட தேத்தண்ணி. என்னுடைய வேலை விறாந்தையில் வந்து கதிரையில் இருந்தது. அதற்கு நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, குடிக்கவைத்து, அனுப்பிவைத்திருக்கிறேன்.

சிநேகிதி அல்லைப்பிட்டியில் இறங்கிவிட்டாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "உமக்கு உண்மையாத் தெரியாதே?" என்று கேட்டாள். மண்கும்பான் தரிப்பும் போயிற்று. வங்களாவடியில் பஸ் நின்றது. அப்படியே இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். நான் இறங்கி, குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். குமர்ப்பிள்ளை தனியப் புங்குடுதீவுக்குப் போவதா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசித்து யோசித்துத்தான் எல்லாம் நாசமாகப் போயிருந்ததே.

அண்ணையை இறங்குதுறையிலேயே கண்டேன். நெடுந்தீவுக்குப் போகிற வள்ளத்தில் கோதுமைமா மூட்டை ஏற்றுவித்துக்கொண்டு நின்றார். நயினாதீவுக்குப் போகிற சனம் அர்ச்சனைத் தட்டுகளோடு வரிசையில் நின்றது. என்னைக் கண்டதும் அண்ணைக்கு முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, எங்காலை? கோயிலுக்கே?"

"கோயிலுக்கில்லை. உங்களைக் கேக்க வந்தனான். எனக்கு வந்த வேலையை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனானே! ஒவ்வொரு முறையும் உங்கட வீட்டை வந்து ஐயாட்டைச் சொன்னனான்."

"வேலை ஐயாவுக்கே?"

அண்ணை வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் கத்தினேன். "அந்தப் புரோகிராம் ஒரு சவர்க்காரக் கட்டியின்ரை கணக்கை அழிக்கிறதுக்கே ரெண்டுதரம் கேக்கும், அண்ணை. நீங்கள் என்னை ஒருதரமாவது கேட்டியளா?"

"நான் அப்பிடி நினைக்கேல்லைத் தங்கச்சி. பொம்பிளைப்பிள்ளையை நேரை கூப்பிட்டுக் கதைச்சா உங்களுக்குத்தானே கூடாத பேர். ஐயா சொன்னார், 'அவ கொழும்புக்கு மாட்டனெண்டிட்டா' எண்டு. தகப்பன் பொய் சொல்லுவாரெண்டு நான் என்னெண்டு நினைக்கிறது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மோசக்காரன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நாரந்தனைவரை சைக்கிள் மிதித்து வந்து, படலையில் மணி அடித்து, மரியாதையாக நின்று, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வாக்குத் தவறவில்லை. அந்த மரியாதையில்தான் என்னுடைய ஒரு வருடம் போயிற்று. வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்து மணிக்கணக்காகப் புரோகிராம் பற்றிக் கதைத்த மனிதருக்கு, வேலை என்று வந்ததும் நான் வாயில்லாத குமர்ப்பிள்ளை ஆகிவிட்டேன். வகுப்பின் கடைசி நாளில் "வீட்டை வந்து சொல்லுவம்" என்று அவர் சொன்னபோது அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டு இருந்தோமே! அத்தனை பேருக்கும் தலையில் களிமண்.

வரிசையில் நின்ற ஒரு மனிசி, "ஆற்றை பிள்ளையப்பா இது, இப்பிடிக் கத்துது?" என்று கேட்டா. நாரந்தனையில் இன்னாருடைய மகள் என்று நானே உரத்துச் சொன்னேன். சேதி எனக்கு முந்தியே ஊருக்குப் போய்ச் சேரட்டும் என்று.

வீட்டுக்கு வந்தேன். ஐயா விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"விதானையாரின்ரை ஆள் குறிகட்டுவானிலை மூட்டை ஏத்திக்கொண்டு நிக்கிறார்" என்றேன்.

ஐயா பேப்பரை மடித்து வைத்தார். மறுக்கவில்லை. அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. அவவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தவ அவதானே.

ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவர் இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டுக் குசினியில் ஒளித்திருந்து, பிறகு அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். போட்டிருந்த சேட்டோடு வந்தார். அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பவே இல்லை; ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தோடு இருந்துவிட்டார். கொழும்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "அங்கை" என்றுதான் சொல்லுவார்.

"அங்கை உன்னை அனுப்ப என்னாலை ஏலாது, பிள்ளை" என்றார். "நான் கண்டதை நீ காணேல்லை."

"அனுப்ப ஏலாதெண்டு சொல்லியிருந்தா நான் உங்களோடை சண்டை பிடிச்சிருப்பன், ஐயா. வெண்டிருப்பன், தோத்திருப்பன். நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை. நான் மாட்டனெண்டதாச் சொன்னியள். என்ரை வாயாலை நீங்கள் ஏன் பதில் சொன்னியள்?"

"உன்னட்டைக் கேட்டா நீ போவன் எண்டு சொல்லுவாய்."

இதைச் சொல்லும்போது அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்தார். ஏதோ நியாயம் சொல்லுகிற மாதிரி. நான் போவேன் என்று தெரிந்ததால்தான் என்னிடம் கேட்கவில்லையாம்.

"அப்ப பட்டினத்து வேலை? அது அங்கையில்லையே. அல்லைப்பிட்டிப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போய் வாறாளே."

அம்மாதான் சொன்னா: "தினம் பஸ்ஸிலை போய் வாற பிள்ளையெண்டா சம்பந்தம் பேசுறவை யோசிப்பினம்." ஜேர்மனியில் இருக்கிற என் கூடப்பிறந்த அண்ணா ஒரு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். கொளுத்திய வீட்டுக்குப் பயந்தது உண்மை. அந்தப் பயத்துக்கு நான் தலைவணங்குவேன். அதன் நிழலில் மற்றதையும் சேர்த்து மறைத்தார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. ஜேர்மனி மாப்பிள்ளைக்குப் பதிலை என் வாயாலேயே சொன்னேன், தெருவில் போகிறவருக்கும் கேட்கிற மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் வங்களாவடித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பால்மாவைக் கலக்கிக்கொண்டு இருந்தவர், கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். எங்கள் கூட்டத்துப் பொடியள் வாங்கில் இருந்து எழும்பினார்கள். அண்ணை பேப்பர்ப் பக்கத்தை என் பக்கம் நீட்டினார். "இருங்கோ" என்றேன். "நீங்கள் எழும்பினா நானும் நிக்கவேணும்." ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டேன். ஐயா என்னை மறிக்கவில்லை, பேசவும் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் என் முன்னால் தள்ளிவைப்பார். நானும் பேசாமல் தின்பேன்.

அதற்குள் நெடுந்தீவுக்காரரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. என் கையில்தான் தபால்காரர் கொடுத்தார். அதற்கும் நானே படலையில் காவல் நின்றேன். மனிதர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். கொம்பனியில் உம்முடைய புரோகிராமைப் பெரிதாக்கித் தரச் சொல்லுகிறார்கள், சில இடங்கள் எனக்கு விளங்கவில்லை, கொஞ்சம் சொல்லித் தர ஏலுமா என்று. என்னுடைய வேலையில் போய் இருந்துகொண்டு அதைச் செய்ய என்னிடமே பாடம் கேட்கிறார்! கிழித்துப் போடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் கேட்டிருந்த இடத்தைப் பார்த்தால், அவர் கைவைத்தால் முழுவதும் குழம்பிவிடும் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கலண்டர்த் தாளை எடுத்து வரி வரியாக எழுதி அனுப்பினேன். மேலே இரண்டு வரி நன்றாகத் திட்டியும் எழுதினேன். அவர் அந்தத் தாளை மேலாளரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டி, எழுதிய ஆள் இவதான், எனக்கு இவ்வளவு வராது என்று சொல்லியிருக்கிறார். திட்டையும் சேர்த்துத்தான் காட்டினாராம்.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசி முடிகிற நேரம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஐயா எழும்பிப் போனார். நான் குசினியில் இருந்து வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். அண்ணை உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியிலேயே நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில், "ஐயா, நான் பிள்ளையோடைதான் கதைக்கவேணும்" என்றார்.

ஐயா படலையைத் திறந்துவிட்டார். பிறகு திரும்பி, "பிள்ளை, உன்னைத்தானாம்" என்றார்.

நான் படலைக்குப் போனேன். அதே கொம்பனி. இன்னொரு ஆளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனி மாதத்து நடுவில் வந்து சேரவேண்டும். தங்குவதற்கு இடம் உண்டு. நெடுந்தீவுக்காரர் கொழும்பு ஸ்டேசனில் ரெயினடிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்.

"போறீரா?" என்று அண்ணை கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னரே, "நிச்சயமா?" என்று இன்னொருதரமும் கேட்டார். அவருடைய முகத்தில் சிரிப்பில்லை. பரீட்சை எழுதுகிறவரைப் போல நின்றார்.

"ஓம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஐயாவுக்கும் கேட்கும்படி இன்னொருதரம் "ஓம்" என்றேன். ஐயா தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் பழைய தோல்பெட்டியை எடுத்துத் தூசி தட்டி விறாந்தையில் வைத்திருந்தார். அவர் கப்பலில் வரும்போது பெட்டி ஏதும் கொண்டுவரவில்லை. அது அம்மாவின் கல்யாணப் பெட்டி. அலுமாரியில் பூட்டிக் கிடந்த அந்தச் சீலையை அம்மா தானாகவே எடுத்து அதற்குள் மடித்து வைத்தா. என் கோபம் போகவில்லை. ஆனால் அன்று தேத்தண்ணி போட்டு ஐயாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனி மாதம் சண்டை தொடங்கிற்று. கொழும்பு ரெயின் நின்றது. மின்சாரம் போயிற்று. பண்ணை வீதியால் போக ஏலாமல் போயிற்று. பெட்டி விறாந்தையிலேயே கிடந்தது. கொஞ்ச நாளில் ஆமிக்காரர் தீவுகளுக்குள்ளும் வந்துவிட்டார்கள். ஊர்ச் சனம் கிடைத்த வள்ளத்தில் ஏறி அராலிப் பக்கம் கடந்து ஓடிற்று. நாங்களும் ஓடினோம். அந்தப் பெட்டியில் அரிசியும் போர்வையும் அடைத்துக்கொண்டு போனோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அகதிகளாக இருந்தோம். வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டி, ஒரு பக்கம் நாங்கள், மற்றப் பக்கம் எங்கள் தீவிலேயே சரவணை என்ற ஊரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அண்ணை எங்கே போனார் என்று தெரியவில்லை. அல்லைப்பிட்டிச் சிநேகிதியின் அலுவலகத்து இயந்திரம் மின்சாரம் இல்லாமல் துணி போர்த்திக் கிடந்ததாம். வேலை என்ற சொல்லே அப்போது தண்ணீர் அள்ளுவதையும் விறகு பொறுக்குவதையும்தான் குறித்தது.

ஒருநாள் மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டு இருந்தேன். சரவணை மனிசி ஐயாவோடு கதைத்துக்கொண்டு இருந்தா. ஒவ்வொரு குடும்பமும் விட்டுவந்ததைச் சொல்லிச் சொல்லி ஆறுகிற நேரம் அது. வீடு, மாடு, பனங்காணி என்று சொல்லிக்கொண்டு வந்தவ, என்னைக் காட்டி, "உங்கட பிள்ளையின்ரை படிப்பும் வீணாப் போச்சு. இந்தச் சண்டை வராட்டி இப்ப கொழும்பிலை பெரிய வேலையிலை இருந்திருப்பா, என்ன?" என்றா.

ஐயா பெருமூச்சு விட்டார். "ஓம். சண்டைதான் எல்லாத்தையும் கொண்டுபோட்டுது" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. வீட்டைச் சண்டை கொண்டுபோனது உண்மை. காணியைக் கொண்டுபோனது உண்மை. பெட்டி கட்டி வைத்த அந்த இரண்டாவது அழைப்பைக் கொண்டுபோனதும் சண்டைதான். ஆனால் அதற்கு முந்திய வருடம் முழுவதும் கதவு திறந்துதான் கிடந்தது. அந்த வருடத்தையும் சேர்த்துச் சண்டையின் தலையில் கட்டிவிட்டு ஐயா எல்லோரையும் போல ஆறிப்போக, நான் விடமாட்டேன் என்று தோன்றிற்று.

"சண்டையில்லை, ஐயா" என்றேன். "அப்ப ரெயின் ஓடினது."

ஐயா என்னைப் பார்த்தார். அம்மா "சும்மா இரு பிள்ளை" என்றா. நான் அரிசிச் சட்டியைக் கையில் பிடித்தபடி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தமுறை அவருக்காக யாரும் பதில் சொல்லக்கூடாது என்று காத்திருந்தேன்.

"ஓம்" என்றார் ஐயா. "ஓடினது."

சரவணை மனிசிக்கு நாங்கள் எந்த ரெயினைப் பற்றிக் கதைக்கிறோம் என்று விளங்கவில்லை. அவ வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா.